நாலு பைப், ஒரு தேன்கூடு, ஒரு ஸ்விஃப்ட்... திருவொற்றியூர் பட்டறையில் ஒரு ஞாயிறு!

வடசென்னை என்றால் கானா, குத்துச்சண்டை, காசிமேடு மீன். சினிமா இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். நான்காவதாக ஒன்று இருக்கிறது, இன்ஜின்!

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. கொஞ்சம் வடக்கே வந்தால் திருவொற்றியூர். 1946-ல் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனிதான் பிறகு எம்.ஆர்.எஃப் டயர் ஆனது. 1950-களின் நடுவிலிருந்து புல்லட் பைக்குகள் இந்த ஊரில் உருவாயின. 1977-ல் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம். இன்னும் வடக்கே எண்ணூர். அங்கே லாரி, பஸ்ஸுக்குப் பெயர்போன அசோக் லேலண்ட், 1948-ல் ‘அசோக் மோட்டார்ஸ்’ என்று பிறந்தபோது முதலில் பூட்டி இறக்கியது லாரியை அல்ல, ஆஸ்டின் ஏ40 என்ற குட்டிக் காரை!

ரேஸும் தூரத்தில் இல்லை. செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் 1950-களில் தொடங்கி 80-களின் கடைசிவரை கார், பைக் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு பந்தயம் நகரத்தின் மறுபக்கம் போய்விட்டது. ஆனால் வண்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆசை மட்டும் இந்தப் பக்கத்துச் சந்துகளில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு சந்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகர ஷீட் போட்ட ஒரு பட்டறை. ஓனருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் ‘அண்ணன்’ என்றே கூப்பிடுகிறார்கள். பக்கத்து லேத்தில் காசிமேட்டு விசைப்படகு ஒன்றின் தண்டு உருண்டுகொண்டிருக்க, இங்கே ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் பானெட் திறந்து நிற்கிறது. 1.2 லிட்டர் பெட்ரோல், வயது பத்துக்கு மேல். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் 26 வயது தம்பியின் வண்டி. அவர் கையில், கோணிப்பையில் சுற்றிய பளபளக்கும் ஸ்டீல் குழாய்க் கொத்து. பெயர் ஹெடர்.

‘ஹெடரா? அது தலைப்பு ஆச்சே’ என்பவர்களுக்கு ஒரு விளக்கம். இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பெட்ரோல் எரிந்தபின் வெளியேறும் புகை, முதலில் ஒரு பொதுக் குழாயில் வந்து சேர வேண்டும். அதுதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் குட்டையாக, அடக்கமாக இருக்கும். காரணம் சிக்கனம், நீண்ட ஆயுள், குறைந்த சத்தம். ஆனால் நாலு பேரும் ஒரே குறுகலான வாசலில் வெளியே வருவதுபோல, ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வழியில் குறுக்கிடும்.

ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நீளக் குழாய், நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம். பொதுவாக நாலு சிலிண்டர் காரில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. அதனால் 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாக, 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு ஜோடியாக இணைத்து, கடைசியில் இரண்டையும் ஒன்றாக்குவார்கள். இதற்கு ‘4-2-1’ என்று பெயர். ஒரு புகைத் துடிப்பு வேகமாக ஓடும்போது பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகும். கணக்கு சரியாக இருந்தால், அந்த வெற்றிடம் அடுத்த சிலிண்டரின் புகையை உறிஞ்சி இழுக்கும். இன்ஜின் மிச்சமில்லாமல் மூச்சு விடும், அடுத்த மூச்சை நிறைய இழுக்கும். நான்கையும் நேராக ஒன்றில் சேர்க்கும் ‘4-1’ ரகம் உச்ச வேகத்துக்கு, 4-2-1 நடுத்தர வேகத்துக்கு என்பது பட்டறைக் கணக்கு.

“எவ்ளோ பவர் ஏறும்ணே?” என்று கேட்டேன்.

“எண்பத்திச் சொச்சம் குதிர இருக்கிற வண்டிம்மா இது. இத மட்டும் மாட்டினா அஞ்சு ஏறுனாலே பெருசு. கம்ப்யூட்டரையும் டியூன் பண்ணாதான் அதுவும் முழுசா வரும். மத்ததெல்லாம் சத்தம். காது நெனச்சுக்கும், வண்டி பறக்குதுன்னு.”

வேலை ஆரம்பமானது. பேட்டரி வயரைக் கழற்றி, வெப்பத் தகட்டை எடுத்து, ஆக்ஸிஜன் சென்சாரை அதன் பிளக்கிலிருந்து விடுவித்து... இதெல்லாம் பத்து நிமிடம். அடுத்ததுதான் உண்மையான வேலை, ஸ்டட் கழற்றுவது. மேனிஃபோல்டை இன்ஜின் தலையோடு பிடித்திருக்கும் திருகு கம்பிகள் அவை. தினமும் சூடாகி, குளிர்ந்து, மேலே கடல் காற்றின் உப்பு வேறு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் துருவைப் பற்றி ஒரு புராணமே சொல்வார். அவசரப்பட்டு ஸ்பேனரை இழுத்தால் ஸ்டட் பாதியில் முறியும். மீதிப் பாதி அலுமினியத் தலைக்குள் மாட்டிக்கொள்ளும். அதை டிரில் போட்டு எடுக்கும்போது மரை போனால் செலவு வேறு ரகம்.

அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தார். இப்போது ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று பின்னால், கொஞ்சம் முன்னால், மறுபடி பின்னால் என்று ஆட்டி ஆட்டியே எடுக்கிறார். பல் எடுக்கும் டாக்டரைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அதற்குச் சூடு காட்டினார். வந்துவிட்டது.

ஒரு நேர்ச் சட்டத்தை ஹெடரின் ஃப்ளாஞ்ச் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் ஒழுகியது. வெல்டிங் சூட்டில் தகடு வளைந்திருக்கிறது! இப்படியே மாட்டினால் புகை கசியும். கசிவு சென்சாருக்கு முன்னால் என்றால் வெளிக்காற்றும் உள்ளே புகும். சென்சார் அதை முகர்ந்து ‘பெட்ரோல் பத்தவில்லை’ என்று தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் காலி. இதைப் பக்கத்து லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன் செய்யலாம். புது கேஸ்கட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கலாம். ஒருமுறை சூடாகி ஆறியபின் திரும்பவும் முறுக்கம் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

வழி இல்லாத ஒன்றை அண்ணன் கீழே கழற்றிப் போட்ட பழைய மேனிஃபோல்டில் காட்டினார். அதோடு ஒட்டி, ஒரு டப்பா. டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். சாம்பல் நிறத்தில் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் கட்டங்கள். அச்சு அசல் தேன்கூடு!

அதுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பீங்கான் கட்டங்களின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் பிடித்து, கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜனாக மாற்றி அனுப்பும். ஏறக்குறைய 300 டிகிரி சூடு வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால்தான் கம்பெனி இதை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைக்கிறது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இது 1995 ஏப்ரலிலிருந்து கட்டாயம். மேனிஃபோல்டும் தேன்கூடும் ஒரே உருப்படியாக வரும் இந்த மாதிரி வண்டியில், முன்னதைத் தூக்கினால் பின்னதும் சேர்ந்து போய்விடும். தம்பி வாங்கிவந்த ஹெடரில் அந்த டப்பா இல்லை. வெறும் குழாய்.

“இது இல்லாம மாட்ட மாட்டேன்” என்றார் அண்ணன்.

“எல்லாரும் மாட்டுறாங்களேண்ணே!”

“மாட்டட்டும். எம் பேத்தி நைட்டு பம்பு அடிச்சிக்கினுதான் தூங்குது தம்பி. ஏற்கெனவே ஊர்ப் புகை மொத்தமும் இங்கதான் வருது. நான் வேற தனியா ஒண்ணு சேர்த்து உடணுமா?”

சண்டை இல்லை, சத்தம் இல்லை. சொல்லிவிட்டு டீ சொல்ல எழுந்துபோனார்.

அவர் சொன்ன ‘ஊர்ப் புகை’யை அன்று மதியம் எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது முகர்ந்தேன். மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை. சாலை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் வாலில் இன்னொன்று. ஓய்வுபெற்ற பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும், வடக்கே மற்ற நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் முகத்துவாரத்தில் வந்து படிந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இவ்வளவுக்கு நடுவே ஒரு ஸ்விஃப்ட் விடும் புகை கடுகளவுகூட இல்லைதான். தம்பியும் அதையேதான் சொன்னார். ஆனால் அந்தக் கடுகு கன்டெய்னர் லாரி உயரத்தில் போவதில்லை. ஸ்கூல் யூனிஃபார்மில் ரோட்டைக் கடக்கும் குழந்தையின் முகத்துக்கு நேராகப் போகிறது.

எண்ணூரின் காமராஜர் துறைமுகத்திலிருந்து புத்தம்புதுக் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. தேன்கூடு இல்லாமல் போனால் எத்தனை நாடுகளில் அவற்றை இறக்கவிடுவார்கள்?

சட்டமும் அண்ணன் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்த ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை. புகை, சத்த வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நேரத்தில் க்ளெய்மைக் கெடுக்கலாம். டாஷ்போர்டில் எரியும் ‘செக் இன்ஜின்’ விளக்கை ஏமாற்ற ஆயிரம் வித்தைகள் உண்டு, அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

அதற்காக ஹெடரையே வில்லனாக்க வேண்டாம். சோழவரத்தில் ஓடிய கார்களிலிருந்து, 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் சீறிய ஃபார்முலா 4 வரை, இன்ஜினை நன்றாக மூச்சு விடவைப்பது ஒரு கலை. அதற்கான இடம் டிராக். ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கும் ராயபுரத் தெருக்களில் ராத்திரி பதினொரு மணிக்கு டமடமவென்று போவது கலை இல்லை. இன்னொரு வேடிக்கை, புதிய டர்போ இன்ஜின்கள் சிலவற்றில், உதாரணமாக ஃபோக்ஸ்வாகனின் 1.0 டி.எஸ்.ஐ-யில், மேனிஃபோல்டை இன்ஜின் தலைக்குள்ளேயே வார்த்துவிட்டார்கள். கழற்ற ஆசைப்பட்டாலும் கழற்ற எதுவும் இருக்காது!

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது பழைய மேனிஃபோல்டே மறுபடி ஏறியிருந்தது. புது ஸ்டட், புது கேஸ்கட். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன் இணைப்பைச் சுற்றி உள்ளங்கையைக் காட்டி அண்ணன் கசிவு பார்த்தார். ‘டிக் டிக்’ சத்தம் எதுவும் இல்லை. ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியிருந்தார். பிறகு முன் சக்கரத்தைக் காலால் தட்டி, “ரப்பர் கல்லாப் போச்சு. வேகமாப் போறதுக்கு முன்னாடி நிக்கக் கத்துக்கணும். மொதல்ல நாலு டயர் மாத்து, பிரேக் பேட் மாத்து” என்றார்.

தம்பி முகம் ரொம்பவே வாடியிருந்தது. இரண்டு மாதச் சேமிப்பில் வாங்கிய ஹெடர், கோணிப்பைக்கே திரும்பிப் போனது.

செவ்வாய்க்கிழமை எனக்கு அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப். ஹெடரின் போட்டோ, கீழே ஒரு வரி. “அக்கா, ரேஸ் ஓட்டுற யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. ஒரு தடவகூட மாட்டி ஓட்டல. டயர் காசு வந்தா போதும்.”