2880-ம் 3000-ம்

மல்லசமுத்திரம் பக்கம் கிணற்று மேட்டில் ஓடும் மோனோபிளாக் மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் 2880 என்ற எண் இருக்கும். நிமிடத்துக்கு அத்தனை சுற்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ஐம்பதைத் தருபவற்றில், எங்கோ நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும் நீராவி டர்பைன்கள் முக்கியமானவை. கிணற்று மோட்டார் அவற்றைத் துரத்திக்கொண்டு கொஞ்சம் பின்னாலேயே ஓடுகிறது, அவ்வளவுதான்!

பக்கத்து மேட்டூர் அனல் மின் நிலையத்து டர்பைனும் 3000 சுற்று, கூடங்குளத்து 1000 மெகாவாட் டர்பைனும் 3000 சுற்று. ஆனால் வடிவமைப்பவருக்கு இரண்டும் வேறு வேறு தலைவலி. மேட்டூரில் நீராவி சுமார் 540 டிகிரி சூட்டில் வருகிறது. அணு உலை தருவதோ 275 டிகிரிக்குப் பக்கம்தான். சூடு குறைந்தால் ஒவ்வொரு கிலோ நீராவியும் செய்யும் வேலையும் குறையும். அதனால் நிறைய நீராவி வேண்டும், அது விரிந்து போக அகலமான வழியும் வேண்டும். ரஷ்யாவின் லெனின்கிராட் உலோக ஆலை கூடங்குளத்துக்குச் செய்த டர்பைனில் கடைசி வரிசை பிளேடுகள் 1.2 மீட்டர் நீளம். அவற்றின் நுனி ஒலியை விட வேகமாகச் சுழல்கிறது. எஃகில் செய்தால் தன் எடையாலேயே வேரைப் பிய்த்து இழுக்கும், அதனால் எடை குறைந்த டைட்டானியம். போதாததற்கு இந்த நீராவி ஈரமானது. துளிகள் மணல் போல் உலோகத்தை அரிக்கும். நடுவில் நிறுத்தி ஈரத்தைப் பிரித்து, மறுபடி சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு? 1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசத்தின் நரோராவில் அணு உலையில் ஒரு கோளாறும் இல்லை. டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு பிளேடுகள் உலோகச் சோர்வால் முறிந்தன. சமநிலை போய் இயந்திரம் அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, எண்ணெய் எரிந்தது, கேபிள்கள் கருகின. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழுவதும் இருட்டு. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, கையால் வால்வு திறந்து உலைக்குள் போரான் கரைசலை விட்டார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. பிறகு அந்த பிளேடுகளின் வடிவமைப்பே மாற்றப்பட்டது.

இன்று ஹரித்துவார் பெல் ஆலையில் சுழலியை வெற்றிட அறைக்குள் வைத்து, வேலை வேகத்துக்கும் மேலே ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். உடைவதாக இருந்தால் அங்கேயே உடையட்டும் என்றுதான்!

அடுத்த முறை கடலைக்காட்டுக்குத் தண்ணீர் விட மோட்டார் போடும்போது அந்த 2880-ஐ ஒருமுறை பாருங்கள். அதன் பின்னால் ஓர் உலோகத் துண்டை நம்பலாமா என்று வருஷக்கணக்கில் சந்தேகப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.