முதல் வேலையில் என்ன சுகம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெம்பியாவில் என் வீட்டில் பசியாறிக் கொண்டிருந்தேன். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பெண் ஒருத்தி தன் தாயாருடன் வந்து நின்றாள். டுரியான் துங்கல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துத் தேறியவள். பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

தாயார் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனைக் காட்டில் உரம் போட்டவர். உட்கார்ந்ததும் உட்காராததுமாக மகளின் சம்பளச் சீட்டை நீட்டினார்.

"பாருங்க வாத்தியாரே! 2,500 வெள்ளி. பிடிச்சது போக என்னா மிஞ்சுது? அடுத்த வருசம் படிப்புக் கடன் வேற கட்டணும். எதிர்வீட்டுப் பையன் அஞ்சாம் பாரத்தோட நின்னவன், சிங்கப்பூர் போயிட்டு வர்றான். இவளவிடக் கூட சம்பாதிக்கிறான். வேற வேலை பாக்கச் சொல்லுங்க."

"நூற்றுக்கு 11 சேமநிதிக்குப் போகிறது அம்மா. முதலாளியும் 13 போடுகிறார். எங்கும் போய்விடாது" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? நானும் கட்டினவதானே!"

ஊழியர் சேமநிதி 1951-ல் தொடங்கியது. தோட்டத்தாருக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்தப் போனது என் தவறுதான். அவர் கேட்டதும் நியாயம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. நான்கு வருடப் படிப்புக்கு மேற்கொண்டு எண்ணூறு வெள்ளிதானா?

பெண்ணைப் பார்த்து, "உனக்கு அங்கே என்னம்மா பிடித்திருக்கிறது?" என்றேன்.

தயங்கினாள். "ஒரு மெஷின் அடிக்கடி நின்னு போச்சு சார். காரணத்தைக் கண்டுபிடின்னு என்னை விட்டாங்க. மூணு நாள் அதுகிட்டயே கிடந்தேன். இருபது வருசமா அங்க வேலை செய்யிற ஒரு மலாய்க்கார அம்மாதான், 'சத்தத்தைக் கேட்டுப் பார்'னு சொன்னாங்க. காத்துக் குழாய் கசிஞ்சிருக்கு! கூட்டத்தில என்னையே பேசச் சொன்னாங்க. கை நடுங்கிடுச்சு. ஆனா மேனேஜர் நான் சொன்னத எழுதிக்கிட்டாரு சார்."

எனக்கு என் முதல் மாதம் ஞாபகம் வந்தது. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வகுப்பில் நின்று வருகைப் பதிவேட்டை வாசித்துக் கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே என் அப்பா! முப்பது வருடம் விடியற்காலைப் பெரட்டில் நின்று, கிராணி தம் பெயரை வாசிக்கக் காத்திருந்தவர். நான் கடைசிப் பெயரை வாசிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக் கொண்டு போய்விட்டார். அந்த மாதச் சம்பளம் எவ்வளவு என்பது எனக்கு மறந்துவிட்டது.

ஆனால் அதைச் சொல்லி அந்தத் தாயின் வாயை அடைக்க எனக்கு மனமில்லை. "ஒரு வருடம் இருக்கட்டும் அம்மா. தொழிலைக் கற்றுக்கொண்டு சம்பளத்தைக் கூட்டிக் கேட்கட்டும். தராவிட்டால் வேறு இடம் பார்க்கலாம்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மகளிடம் கேட்டார்:

"அந்த மெஷினு இப்ப ஓடுதா?"