செவ்வரத்தையா, கள்ளியா?

வீட்டு முற்றத்தில் எந்தச் செடியை வைப்பது என்னும் கேள்வி பார்வைக்குச் சிறியது. ஆயினும் வறண்ட பிரதேசத்தில் குடியிருப்போர்க்கு அது ஒரு வாளி நீரைப் பற்றிய கேள்வியாகும். சீகிரியாக் குன்று கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வாழும் எமக்கு இவ்வுண்மை ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் நன்கு உறைக்கின்றது. ஐப்பசியில் தொடங்கித் தை வரையில் வாடைக்காற்றோடு வருவதே இப்பகுதியின் பெருமழை. ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் வறண்ட வலயத்தைச் சேர்ந்த நிலம் இது. வைகாசி கழிந்த பின் வானம் வாய் திறப்பது அரிது. கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழிறங்குவதைக் கண்டுகொண்டே பூஞ்செடிக்கு நீர் வார்க்க எவருக்குத்தான் மனம் துணியும்?

எம் இல்லத்தில் இது குறித்து இரு கட்சிகள் உண்டு. எம் அன்னையார் செவ்வரத்தையின் கட்சி. காலையில் பத்துப் பூவேனும் கொய்து சுவாமி படத்துக்குச் சாத்தாமல் அவர் தேநீர் அருந்துவதில்லை. எம் தங்கையின் கணவரோ கள்ளியின் கட்சி.

“மாமி, கள்ளிக்கு மாதத்தில் இரு முறை நீர் விட்டாற் போதும். உங்கள் செவ்வரத்தை நாள்தோறும் அல்லவா கேட்கிறது?” என்பார் அவர்.

“மருமகன், முள்ளைக் கொய்து சுவாமிக்குச் சாத்தலாமோ?” என்பார் அன்னையார்.

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. உலகமும் இவ்விரண்டையும் போற்றியே வந்துள்ளது. மலாயா நாடு 1960ஆம் ஆண்டில் செவ்வரத்தையைத் தேசிய மலராகத் தெரிந்தெடுத்தது. மெக்சிக்கோ தன் அரச இலச்சினையிலேயே கள்ளிக்கு இடம் கொடுத்துள்ளது. ஆகவே அழகினால் மட்டும் வழக்கைத் தீர்க்க இயலாது. அவ்விரண்டும் வாழும் முறையை ஆராய்ந்தே தீர்க்க வேண்டும்.

செவ்வரத்தை கையிலிருப்பதைச் செலவிடும் குணமுடையது. அகன்ற இலைகளின் நுண்துளைகளைப் பகலில் திறந்து வைத்து, கரியமிலவாயுவை உள்ளே வாங்குகையில் நீரையும் ஆவியாக வெளியே விட்டுவிடும். காலையில் விரியும் மலர் பெரும்பாலும் மாலைக்குள் வாடிவிடுகின்றது. மறுநாள் வேறொன்று வேண்டும். கள்ளியோ சேமிப்பாளி. அதன் இலைகளே முட்களாகிவிட்டன. சதைப்பற்றான தண்டு நீரைத் தேக்கி வைக்கின்றது. வெயில் தணிந்த இரவிலேதான் அது துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். வாங்கியதை அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாட் பகலில் துளைகளை மூடிக்கொண்டே உணவு சமைக்கும். இத்துணைச் சிக்கனம் மனிதரிடத்திலும் காண்பது அரிது!

ஆயினும் சேமிப்பாளிக்கும் ஓர் ஆபத்துக் காலம் உண்டு. செவ்வரத்தை வாடுவது ஆவணியில். கள்ளி அழிவதோ மார்கழியில். அடைமழையில் வேரடி ஈரம் காயாதிருந்தால் அது அழுகிச் சாய்ந்துவிடும். ஆகவே கள்ளி வளர்ப்போர் மணல் மிகுந்த மண்ணில், அடியில் துவாரமுள்ள சாடியில் நடுவதே முறை. மாரி தொடங்கியதும் சாடியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சாடியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கினால் நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சலுக்கு வழியாகும் என்பதையும் மறத்தலாகாது. செவ்வரத்தைக்கு அதே மாரிதான் நற்காலம். ஐப்பசி முதல் மழையில் பென்சில் பருமனுள்ள தண்டை நட்டால், சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.

இங்கு ஒரு பெயர்க் குழப்பத்தையும் நீக்குதல் நன்று. நம் காடுகளில் வளரும் சதுரக்கள்ளி, பெயரளவில் கள்ளியாயினும் மெய்யான கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஒடித்தால் வெண்பால் சுரக்கும். அப்பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் விளையும். குழந்தைகள் ஓடியாடும் முற்றத்துக்கு அது ஆகாது. மெய்யான கள்ளிகள் யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. மரங்களில் முள்ளின்றித் தொங்கும் ஓரினம் மாத்திரம் ஆபிரிக்காவிலும் நம் இலங்கையிலும் இயற்கையாகவே காணப்படுகின்றது.

சென்ற ஆண்டு எம் தங்கையின் கணவர் அம்பாந்தோட்டைப் பக்கம் சென்று திரும்புகையில், நாகதாளியின் மடல் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டு வந்தார். குரங்குகளும் யானையும் புகாதபடி வளவைச் சுற்றி அதனை வேலியாக நடலாம் என்பது அவர் எண்ணம். நாம் உடன்படவில்லை. அங்குள்ள பூந்தல தேசிய வனத்தில் நாகதாளி பரவி, நாட்டுச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை நாம் அறிவோம். அதன் பழங்களைத் தின்று, விதைகளைத் தொலைதூரம் கொண்டு செல்பவை அதே குரங்குகளும் யானைகளுமே. நாம் எவற்றைத் தடுக்க வேலி நடுகின்றோமோ, அவையே அவ்வேலியைக் காடெங்கும் விதைத்துவிடும்!

இது வீண் அச்சமன்று. அவுஸ்திரேலியாவில் இவ்வகைக் கள்ளி ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேயர் நிலத்தைக் கவர்ந்துகொண்டது. 1926ஆம் ஆண்டு முதல் அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்களை ஏவிவிட்டே அந்நாட்டார் நிலத்தை மீட்டனர். நம் நாட்டுக்கும் இத்தகைய கதை உண்டு. 1795ஆம் ஆண்டில், செஞ்சாயம் எடுக்கலாம் என்று நம்பிப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டு வந்தனர். அது சாயத்துக்கு உதவாத வேறினம். ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1860களில் அப்பூச்சியே கள்ளிப் புதர்களை அடக்கும் பொருட்டு இலங்கைக்கு வேண்டுமென்றே கொண்டு வரப்பட்டது. ஒரு மடலை வேலிக்கு வெளியே எறியுமுன் இவ்வரலாற்றை நினைத்துப் பார்த்தல் வேண்டும். எம் வீட்டு மடல், குழந்தைகள் பார்த்து முடித்தபின் அடுப்புக்குச் சென்றது.

அவ்வாறாயின் முற்றத்துக்கு எது தகும்? இதற்கு விடை கூறச் சீகிரியாவைவிடச் சிறந்த ஆசான் இல்லை. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் இங்கே அமைத்த நந்தவனத்தைக் காண்போர், தடாகங்களையும் நிலத்தடிக் கால்வாய்களையும் துளையிட்ட கற்பலகைகளையுமே இன்று காண்கின்றனர். மாரிக்காலத்தில் அத்துளைகளின் வழியே நீரூற்றுக்கள் இன்றும் எழுவதுண்டு. அன்று நட்ட செடிகளில் ஒன்றும் இன்றில்லை. நீர் ஓடிய வழியோ பதினைந்து நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கின்றது. அவன் முதலில் நீருக்கு இடம் வகுத்தான். அதன் பின்னரே பூவுக்கு இடம் கிடைத்தது.

அவன் தந்தை தாதுசேனன் கலாவாவியைக் கட்டியவன். செல்வம் எங்கே என்று மகன் வற்புறுத்தியபோது, அவ்வாவியின் நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன் செல்வம் இதுவே என்றானாம். சூளவம்சம் கூறும் இச்செய்தியைக் கேட்கும் போதெல்லாம், வறண்ட நிலத்து இல்லறத்தார்க்கும் இதுவன்றோ பாடம் என்று நமக்குத் தோன்றுகின்றது.

எம் வளவில் வழக்குத் தீர்ந்தது இவ்வழியிலேதான். கிணற்றடியிலிருந்து ஓடும் நீர் சேருமிடத்தில் மூன்று செவ்வரத்தைகள் மட்டும் நிற்கின்றன. நான்காவதற்கு அந்நீர் போதாது. அரிசி கழுவிய நீரும் அவற்றுக்கே. அன்னையார் தாம் கால் கழுவும் கல்லையும் அச்செடிகளின் அருகே மாற்றிக்கொண்டார். கோடையில் பூக்கள் பத்திலிருந்து மூன்றாகக் குறைகையில், “சுவாமிக்கு எங்கள் கிணறும் தெரியும்” என்று அமைதி கொள்வார். கிணற்று நீர் எட்டாத வெயில் திண்ணையில் மருமகனின் நான்கு கள்ளிச் சாடிகள் இருக்கின்றன. வேலி பழைய கிளுவைக் கதியால் வேலியே.

தோட்டம் போட எண்ணும் நேயர்கள், செடி வாங்கக் கடைக்குச் செல்லுமுன் தம் கிணற்றை ஒரு முறை எட்டிப் பார்ப்பாராக. ஆவணி மாதத்தில் வீட்டில் வீணாகும் நீர் எத்தனை வாளி என்று கணக்கிடுவாராக. அத்தனைக்கே பூஞ்செடி, எஞ்சிய இடத்துக்குச் சாடியில் கள்ளி. உள்ள நீருக்கு ஏற்ற தோட்டம் சிறியதாயினும் குறையன்று. குடிநீரைக் குறைத்து வளர்க்கும் தோட்டம் எத்துணை அழகியதாயினும் இல்லத்துக்கு ஆகாது.