ராத்திரி டூட்டியில் ஒரே ஆள்

வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பது என் கெட்ட பழக்கம். போன வாரம் 'ப்ரேக்கிங் பேட்' இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடு. 2009-ல் வந்தது. மகளைப் பறிகொடுத்த ஒரு ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர், துக்கம் ஆறாமல் வேலைக்கு வருகிறார். மைக்கில் பேசும்போதே மனசு எங்கேயோ போகிறது, வாய் குழறுகிறது. இரண்டு விமானம் நடுவானில் டமால்!

என் தூக்கம் போச்சு. அடுத்த வாரம் ஆபீஸ் செலவில் நான் டெல்லிக்குப் பறக்க வேண்டும். ஓசி டிக்கெட் வேறு, விட மனசில்லை.

பி.காம். படித்தவனுக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஆபீஸில் பத்து ரூபாய் வவுச்சருக்கே இரண்டு கையெழுத்து வேண்டும். ஆகாயத்தில் இத்தனை உயிருக்கு ஒரே ஒரு மனுஷன்தானா?

இல்லையாம். பைலட் பக்கத்திலேயே டிகாஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. எதிரே வரும் விமானத்தின் கருவியோடு பேசி, 'நீ ஏறு, நான் இறங்கறேன்' என்று முடிவு பண்ணிக் குரல் கொடுக்கும்.  1996-ல் டெல்லி பக்கத்தில் சர்க்கி தாத்ரி வானத்தில் இரண்டு விமானம் மோதி 349 பேர் செத்தார்களே, அதற்கப்புறம் நம் நாட்டில் அது கட்டாயம். (அன்றைக்கு கன்ட்ரோலர் சரியாகத்தான் சொன்னார். ஒரு விமானம் சொன்ன உயரத்தில் நிற்காமல் இறங்கிவிட்டது.)

அப்பாடா என்று சாய்ந்தால், அடுத்த கதை கிடைத்தது. 2002 ஜூலை 1 ராத்திரி, ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே. அந்த வானம் சுவிட்சர்லாந்து கன்ட்ரோல் ரூமின் பொறுப்பு. டூட்டியில் இரண்டு பேர். ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்த வழக்கம்தான். மிச்சம் ஒருத்தர், இரண்டு ஸ்கிரீன். மெயின்டனன்ஸ் என்று மெயின் போன் லைனை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து ஜெர்மன் சென்டரில் ஆபத்தைப் பார்த்துவிட்டுப் போன் மேல் போன் போடுகிறார்கள், லைன் கிடைக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் கவனித்தவர் ரஷ்ய விமானத்தை 'இறங்கு' என்றார். டிகாஸ் 'ஏறு' என்றது. பைலட் மனுஷன் பேச்சைக் கேட்டார். எதிரே வந்த சரக்கு விமானமும் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர். நிறையப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மோதலில் கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் கறாரானது.

மனைவி, இரண்டு பிள்ளைகளை அதில் இழந்த ஒருவர் 2004-ல் அந்தக் கன்ட்ரோலரைத் தேடிப் போய், அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றுவிட்டார். அந்த நிறுவனத்து மேலாளர்கள் நாலு பேர் குற்றவாளிகள் என்று கோர்ட் சொன்னது 2007-ல்.

எனக்கும் ஒரு மார்ச் 31 ராத்திரி உண்டு. பழைய ஆபீஸ். கூட இருக்க வேண்டியவருக்கு லீவு, கம்ப்யூட்டர் பாதியில் படுத்துவிட்டது, ஒரு சைபர் கூடிப்போச்சு. யார் உயிரும் போகவில்லை. எனக்கு மெமோ வந்தது. அதைப் பல தடவை திருப்பிப் படித்திருக்கிறேன். லீவு சாங்ஷன் பண்ணினவர் பெயரோ, கம்ப்யூட்டரோ அதில் எங்கேயும் இல்லை.

"இன்னும் தூங்கலையா?" என்று உள்ளேயிருந்து குரல். டிவியை அணைத்தேன். டெல்லி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணவில்லை.