கரும்பலகையில் ஒரு வெற்றிடம்

துப்பறியும் நாவல்கள் பொழுதுபோக்கிற்கு மாத்திரமே உரியவை என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போகலாம். ஆனால், காலெப் கார் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஏலியனிஸ்ட்’ என்ற நாவல் என்னை உறங்கவிடவில்லை.

மனநோயாளர் தமது இயல்பான தன்மையிலிருந்து அந்நியப்பட்டவர்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருதப்பட்டது. ஆகவே அவர்களை ஆராயும் வைத்தியருக்கு ‘ஏலியனிஸ்ட்’ என்ற பெயர் வழங்கிற்று. கதை நிகழ்வது 1896 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில். ஏழைச் சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொடூரமாய்க் கொல்லப்படுகின்றனர். வெளிநாட்டிலிருந்து குடியேறிய வறியவர்களின் பிள்ளைகளுக்காகக் கவலைப்படுவார் யாருமில்லை. அக்காலத்தில் அந்நகரப் பொலிஸ் ஆணையாளர் சபையின் தலைவராக இருந்தவர், 1901 இல் அமெரிக்க ஜனாதிபதியான தியோடோர் ரூஸ்வெல்ட். இது சரித்திரம். அவர் தம் பழைய நண்பரான மனோதத்துவ வைத்தியர் கிரைஸ்லரின் உதவியை இரகசியமாக நாடுகிறார் என்பது கற்பனை.

வைத்தியருடன் ஒரு பத்திரிகை நிருபரும், பொலிஸ் தலைமையகத்தில் வேலைபார்க்கும் ஒரு பெண்ணும், துப்பறியும் சகோதரர் இருவரும் சேர்ந்துகொள்கின்றனர். சகோதரர்கள் கைரேகையை நம்புகிறவர்கள். ஆயினும் இலினோய் மாநில உயர் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றது 1911 இல்தான். ஆகவே கதை நிகழுங்காலத்தில் அது பரிகசிக்கப்பட்ட புதுமை.

கிரைஸ்லரின் வழியோ இன்னும் புதியது. அவர் ஒரு பெரிய கரும்பலகையை நிறுத்தி, குற்றங்களின் இயல்புகளை ஒரு பகுதியிலும், குற்றவாளியின் குழந்தைப் பருவத்தை மற்றொரு பகுதியிலும் எழுத இடம் வகுக்கிறார். கொலையாளியின் பெயரோ முகமோ அவருக்குத் தெரியாது. இருந்தும், “இத்தகைய செயலைச் செய்யும் மனிதன் எத்தகைய வீட்டில் வளர்ந்திருப்பான்?” என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார். விடைகள் ஒவ்வொன்றாய்ப் பலகையில் ஏறுகின்றன. தவறான ஊகங்கள் அழிக்கப்படுகின்றன. ஈற்றில் ஒரு மனிதனின் உருவம் தோன்றுகிறது.

காரணத்தைத் தேடுவது குற்றத்தை மன்னிப்பதாகாதா என்று நாவலில் பலர் வைத்தியரைச் சாடுகிறார்கள். அவரோ கொலையாளியைப் பைத்தியக்காரன் என்று தப்பவிடவில்லை. காரணம் அறிந்தால்தான் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றலாம் என்பதே அவர் கட்சி. நாவலாசிரியர் காரும் தந்தையின் கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவர். அதை அவரே பகிரங்கமாகக் கூறியிருக்கிறார். 2024 இல் அவர் காலமானார்.

நான் இளைப்பாறிய ஆசிரியன். கரும்பலகையுடனேயே என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன், சகமாணவரின் புத்தகங்களிலுள்ள படங்களைக் கிழித்தெடுப்பான். வீடுகளும் குடும்பங்களும் உள்ள படங்களையே கிழித்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். “யார் செய்தது?” என்று வகுப்பில் கேட்டேன். அவனே எழுந்து நின்றான். பிரம்பை எடுத்தேன். இரண்டாந் தவணையுடன் அவன் பள்ளிக்கூடம் வருவது நின்றுபோயிற்று. இடாப்பில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். என் கடமை அத்துடன் தீர்ந்ததென்று நம்பினேன்.

‘யார்’ என்று கேட்ட நான், ‘ஏன்’ என்று கேட்கவில்லை. அந்தப் படங்களை அவன் என்ன செய்தான்? வீட்டில் அவனுக்கு யார் இருந்தார்கள்? கிரைஸ்லர் முகந்தெரியாத ஒரு கொலைகாரனைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் ஒன்றையேனும், தினமும் என் முன்னால் வாங்கில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பாலகனைப் பற்றி நான் கேட்டதில்லை.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கிழித்தது பிழைதான். எனினும் பிரம்பை எடுக்குமுன் அந்தச் சிறுவனைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை விசாரிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பெற்றோரும் ஆசிரியரும் இந்த நாவலைப் படிக்காவிட்டாலும் பாதகமில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க மறவாதிருந்தாற் போதும்.

நாவலில் வைத்தியரின் கரும்பலகை நிரம்பிவிடுகிறது. என்னுடையதில் அந்த மாணவனுக்குரிய இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.