வண்டி ஓடுவது யாருக்காக?

இன்று மாலை திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், நிருதி லிங்கத்தருகே, பெட்ரோல் தீர்ந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், செங்கம், போளூர், ஆரணி என்று நாள்தோறும் அலையும் தமக்குக் கிடைக்கும் பயணப்படி எண்ணெய்ச் செலவுக்கே எட்டவில்லையென்று சொல்லக் கேட்டு, மனம் மிகவும் வேதனையுற்றது.

அரசு ஊழியருக்குப் பயணப்படி விதிகள் உண்டு.

இந்தப் பிரதிநிதியைப் போன்றோருக்கென்றே 1976இல் இயற்றப்பட்டு 2025 வரை நடப்பிலிருந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டமோ, நியமனக் கடிதத்தையும் விடுப்பையும் உறுதி செய்ததேயன்றி, கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று விதிக்கவில்லை; அதே ஆண்டுவரை நடப்பிலிருந்த 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் பயணப்படியைச் சம்பளத்தின் வரையறைக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

முதலாளியின் காரியார்த்தமாக ஓடும் வண்டிக்கு, டயர் தேய்மானம் உட்பட, தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து செலவழிப்பது அநியாயம்.

நண்பர்களே, வேலையில் சேருமுன் கிலோமீட்டர் விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கம்பெனியில் எவ்வளவு தருகிறார்கள்?