கடலோரம் ஒரு நாள் – அத்தையும் வந்தார்கள்!

"நீங்க எல்லாம் போயிட்டு வாங்கம்மா. நான் வீட்டுக்குக் காவலா இருக்கேன்."

நான்கு வருஷமாக என் மாமியார் சொல்லி வந்த வார்த்தை இது. கோயிலானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, இதே பதில்தான். முழங்கால் வலி என்பார்கள், சர்க்கரை என்பார்கள். உண்மையான காரணம் எனக்குத் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். இடத்தின் பெயர் வேண்டாம். தப்பு முழுக்க எங்களுடையது. அவர் டிக்கெட் வரிசையில், நான் ஐஸ்கிரீம் வரிசையில், பெரியவள் ராட்டினத்தில். அப்போது ஐந்து வயதான சின்னவன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். செருப்பு வார் கழன்றது என்று அத்தை குனிந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம்!

நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை, சகோதரிகளே. கடைசியில் பலூன்காரர் பக்கத்தில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தான். அத்தையை யாரும் திட்டவில்லை. ஆனால் தேடும்போது அவர் பதற்றத்தில், "அம்மா, கையை விட்டுட்டியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வி அவர்களை நான்கு வருஷம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது.

இந்தத் தடவை சின்னவனே வழி திறந்தான். "கடலுக்குப் போகணும். பாட்டி வந்தாத்தான் நான் வருவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் போட்ட திட்டம் உங்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எந்த இடம்?

சென்னையில் திருவான்மியூர், நீலாங்கரை தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது விஜிபி பூங்கா. தவணை முறையில் சாமான்கள் விற்றுப் பேர் வாங்கிய அதே விஜிபி சகோதரர்கள் உண்டாக்கியது. முன்பு 'கோல்டன் பீச்' என்றுதான் ஊரெல்லாம் சொல்லும். பிறகு 'யூனிவர்சல் கிங்டம்' என்று பெயர் மாறியது. ஒரு பக்கம் ராட்டினங்கள், தண்ணீர் விளையாட்டு. இன்னொரு பக்கம் கடல். ஓடுகிற பிள்ளைக்கும் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் ஒரே இடத்தில் பொழுது போக வேண்டுமானால் இப்படிப்பட்ட கடலோரப் பூங்காதான் சரி.

1993-ல், ஆறாவது படிக்கும்போது, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இங்கே வந்திருக்கிறேன். அங்கே அப்போது ஒரு சிலை மனிதர் நிற்பார். ராஜா வீட்டுக் காவல்காரர் மாதிரி உடை, மீசை. கண்ணைக்கூட அசைக்க மாட்டார். நாங்கள் நாற்பது பெண்கள் பழிப்புக் காட்டியும் குரங்குச் சேஷ்டை செய்தும் அவர் சிரிக்கவேயில்லை. இதை அத்தையிடம் சொன்னேன். "இது என்னடி பெரிய விஷயம்? நான் நாற்பது வருஷம் அடுப்பு முன்னாலே அசையாம நின்னேன். ஒருத்தர் டிக்கெட் வாங்கிப் பார்க்க வரலியே!" என்றார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒன்று சொல்கிறேன். அதே சாலையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், 2019-ல் திறந்த மீன் காட்சியகம், முட்டுக்காடு படகுத் துறை, தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று வரிசையாக இருக்கின்றன. 'வந்தது வந்தோம், எல்லாத்தையும் பார்த்துடலாம்' என்ற ஆசை வேண்டவே வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு இடம். குழந்தைகள் அழுவதும் பெரியவர்கள் சுருண்டு படுப்பதும் இந்தப் பேராசையால்தான்.

எந்த நாள்?

ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. சித்திரை, வைகாசி என்றால் மணல் சுடும். தை, மாசிதான் நமக்கு ஏற்ற காலம். காணும் பொங்கலன்று மட்டும் கடற்கரைப் பக்கமே தலை வைக்காதீர்கள். தலைகள்தான் தெரியும், கடல் தெரியாது.

நான் காலண்டரில் பௌர்ணமிக்கு முந்தின நாளாக ஒரு சனிக்கிழமையைத் தேடிப் பிடித்தேன். ஏன் என்கிறீர்களா? நமது கடல் கிழக்கே இருக்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசாது. பௌர்ணமியை ஒட்டிய நாளானால் இருட்டும் முன்பே நிலா கடலுக்கு மேல் வந்து நிற்கும். இந்தக் காட்சிக்குத் தனி டிக்கெட் கிடையாது!

நுழைவுக் கட்டணம், திறக்கும் நேரம், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்பதையெல்லாம் இரண்டு நாள் முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள். பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை அனுமதிப்பதில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் திருவான்மியூரிலிருந்து இந்தச் சாலையில் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். நாங்கள் அத்தையின் முழங்காலை நினைத்து, நாத்தனார் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வேன் பேசிவிட்டோம்.

யார் பொறுப்பில் யார்?

திட்டத்தின் உயிரே இதுதான். பெரியவர்கள் ஐந்து பேர், குழந்தைகள் நான்கு பேர். 'எல்லாரும் பார்த்துக்குவாங்க' என்றால் யாருமே பார்க்க மாட்டார்கள் என்பது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஆகவே ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எந்தக் குழந்தை யார் பொறுப்பு என்று எழுதினேன். மாற்றி ஒப்படைக்கும்போது வாய் விட்டுச் சொல்ல வேண்டும்: "இவன் உன் பொறுப்பு." வாங்குகிறவர், "சரி, என் பொறுப்பு" என்று பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது.

புறப்படும் முன் அன்றைக்குப் போட்ட உடையோடு குழந்தைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேடும்போது, 'என்ன சட்டை?' என்று கேட்டால் தாய்க்கு நினைவே வராது, எனக்கு வரவில்லை. எங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி உள் பாக்கெட்டில் வைத்தேன். பேரைச் சட்டைக்கு வெளியே எழுதாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைக் குழந்தை நம்பிவிடும். தவறிவிட்டால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடமோ, குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ சொல் என்று வீட்டிலேயே இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம்.

கட்டம் போட்ட தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் படித்தார்கள். பிறகு மெல்லிய குரலில், "இதுலே என் பேரு எங்கேம்மா?" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்றுதான் விட்டிருந்தேன். "நீங்க நிம்மதியா உட்காரணும்னுதான், அத்தை..." என்று இழுத்தேன்.

"என்னை நம்ப முடியாதுன்னு விட்டுட்டியோன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

நல்லது செய்வதாக நினைத்து நானும் அந்தப் பழைய காயத்தைக் கிளறியிருக்கிறேன்! உடனே பேனாவை எடுத்தேன். மாலை ஐந்து முதல் ஆறு வரை, சின்னவன் – பாட்டி என்று எழுதினேன்.

கட்டுச்சோறும் மருந்துப் பையும்

காலையில் இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துப்போய் வேனிலேயே சாப்பிட்டோம். மத்தியானத்துக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். அதையும் வெளியே வேனுக்கு வந்து சாப்பிட்டோம். தேங்காய்ச் சட்னி வெயிலில் ஊசிப்போகும், வேண்டாம். தயிர்சாதம் கொண்டுபோவதானால் சாதத்தைப் பாலில் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விடுங்கள்; சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் இருக்கும்.

வெயிலில் குழந்தைகளுக்குத் தாகம் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். யாருக்காவது வாந்தியோ பேதியோ ஆனால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் விளையாட்டு மும்முரத்தில் சாப்பாட்டு வேளையைத் தள்ளக் கூடாது. மாத்திரையோடு பிஸ்கெட்டும் இரண்டு மிட்டாயும் கைப்பையில் இருக்கட்டும். முக்கியமாக, சுடுகிற மணலில் அவர்களைச் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி மரத்திருந்தால் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ராட்டினமும் புடவைத் தலைப்பும்

சிறிய மோட்டார் வண்டி ஓட்டும் விளையாட்டில் ஏறும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அவிழ்த்துவிட்ட கூந்தல், துப்பட்டா, தலைப்பு, தாவணி எதுவும் தொங்கக் கூடாது. சக்கரத்திலோ இயந்திரத்திலோ சிக்கி உயிரே போயிருக்கிறது. கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, துப்பட்டாவை இறங்கி வரும்வரை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்து, முதுகு வலிக்காரர்கள் தூக்கிப் போடுகிற ராட்டினங்களில் ஏற வேண்டாம். குழந்தையின் உயரம் போதாது என்றால், 'ஒரு அங்குலம்தானே' என்று கெஞ்சாதீர்கள். பிடிப்புக் கம்பி அந்த உயரத்துக்குத்தான் அளவெடுத்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குச் சுற்றுகிற எதிலும் ஏற்றாதீர்கள்; என் நாத்தனார் மகன் ஏறிவிட்டு, என் புது ரவிக்கையைப் பாழாக்கினான்!

தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி கனத்துப் போகும், நைலான் உடை நல்லது. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று பெரியவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சின்னக் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கும்.

கடல் விளையாட்டுச் சாமான் அல்ல

இந்தக் கரையில் கடல் பார்க்க சாதுவாக இருக்கும், ஆனால் இழுப்பு அதிகம். அலையோடு கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகலான வழி பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் அலை உடையாது, அமைதியாகத் தெரியும். 'இங்கேதான் அலை இல்லை' என்று நாம் இறங்குவது அங்கேதான்! நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே இழுத்துவிடும். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி நேரே போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், நினைவிருக்கட்டும். ஆகவே எங்கள் சட்டம் இதுதான்: கணுக்காலுக்கு மேல் நனையக் கூடாது, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது.

ஐந்து மணிக்கு...

பகல் முழுதும் அத்தை நிழலில் உட்கார்ந்து, நான்கு பிள்ளைகளின் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தார்கள். ஐந்து மணிக்கு எல்லாரும் மணலுக்கு வந்தோம். மணல் ஆறியிருந்தது. கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

அப்போது சின்னவன் அவர் கையைப் பிடித்திருந்தான். அவர் கட்டம் போட்ட தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நேரே அத்தையிடம் போய்ப் பிள்ளையின் கையை எடுத்து அவர்கள் கையில் வைத்து, "அம்மா, இவன் உன் பொறுப்பு" என்றார்.

அத்தை மகனையே பார்த்தார்கள். "சரிப்பா. என் பொறுப்பு" என்றார்கள். குரல் தழுதழுத்தது.

இரண்டு பேரும் அலை ஓரத்தில் நின்றார்கள். கடலுக்கு மேல் வெள்ளைத் தட்டு மாதிரி நிலா. நான் நான்கடி பின்னால்தான் நின்றேன். தாய் மனசு கேட்கவில்லை. ஆனால் அருகே போகவில்லை.

"பாட்டி, கை வலிக்குது! நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று கத்தினான் ஒன்பது வயதுப் பெரிய மனிதன்.

"ஆறு மணி வரைக்கும் விட மாட்டேன்டா" என்றார்கள் பாட்டி.

வீட்டுக்கு வந்து அத்தையின் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, வெட்டுக்காயம் ஏதும் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றுமில்லை. எழுந்திருக்கும்போது மெல்லக் கேட்டார்கள்:

"அடுத்த பௌர்ணமி எப்போம்மா வருது?"